ஏலம் முடிந்தபின் வரும் தபால் காசு: பலெர்மோவிலிருந்து சில நியாயங்கள்

பலெர்மோவில் இருந்துகொண்டு இணையத்தில் பொருள் வாங்குபவர்களுக்கு ஒரு வரி நன்றாகப் பழக்கம்: "இஸோலே எஸ்க்ளூஸே". தீவுகள் நீங்கலாக. மேலே பெரிய எழுத்தில் இத்தாலி முழுவதும் ஸ்பெதித்ஸியோனே, அதாவது அனுப்பும் செலவு, இலவசம் என்று போட்டிருப்பார்கள். இந்த இரண்டு சொற்கள் விவரணத்தின் கடைசிப் பத்தியில் கிடக்கும். சில விற்பனையாளர்கள் அதைக்கூட எழுதுவதில்லை. ஏலம் முடிந்து, வென்றது நீங்கள்தான் என்ற அறிவிப்பும் வந்து, அவர்கள் உங்கள் முகவரியைப் பார்த்த பிறகுதான் செய்தி வரும்: நீங்கள் சிசிலியில் இருக்கிறீர்கள், இன்னும் இவ்வளவு யூரோ அனுப்புங்கள்.

தபாலுக்குக் காசு கேட்பதில் தவறில்லை. பொருள் தானாக நடந்து வராது. பெட்டி, நாடா, கூரியர்காரரின் உழைப்பு, நீரிணையைக் கடக்கும் கப்பல் எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் காசு கட்டத்தான் வேண்டும். அந்தக் காசை எப்போது சொல்கிறார்கள் என்பதே என் கேள்வி. மனம் தீர்மானிக்கும் முன்பு சொன்னால் அது விலை. தீர்மானித்த பின்பு சொன்னால் அது பறிப்பு. இந்தப் பதிவு முழுவதும் இந்த ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன். ஐரோப்பியச் சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. அது நம்மில் பலருக்குத் தெரியாமல் இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு கிரைண்டரின் கதை

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் அக்கா, வயதான ஒரு சிசிலிய அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறார். தோசை மாவு அரைக்க ஒரு மேசைக் கிரைண்டர் வேண்டும் என்று வெகுநாளாகத் தேடினார். கோயம்புத்தூரில் செய்தது, யாரோ பாவித்தது, வடக்கு இத்தாலியில் ஒரு நகரத்திலிருந்து ஏலத்துக்கு வந்திருந்தது. இத்தாலிக்குள் தபால் 9.90 யூரோ என்று பக்கத்தில் தெளிவாக இருந்தது. கடைசி நிமிடம்வரை போட்டி. 41 யூரோவுக்கு அக்கா எடுத்தார். மொத்தம் 50.90 கட்டினார்.

அடுத்த நாள் செய்தி வந்தது. சிசிலிக்குக் கூரியர் மேற்கட்டணம் 16 யூரோ. அனுப்பாவிட்டால் விற்பனை ரத்து.

அக்கா கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டிக்கொண்டு கேட்டார்: "தம்பி, இதென்ன புதுக் காசு? இதை அப்பவே சொல்லியிருந்தால் நான் முப்பதுக்கு மேல கேட்டிருக்கமாட்டன்."

இந்தப் பிரச்சினையைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் அதை இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. கடையில் விலை ஒட்டிய பொருளாக இருந்தால், கடைசிப் பக்கத்தில் தபால் காசைப் பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போகலாம். ஏலம் அப்படியல்ல. எவ்வளவு கேட்பது என்பதையே தபால் காசை மனதில் கழித்துவிட்டுத்தான் முடிவு செய்கிறோம். அந்தத் தபால் தொகை பொய் என்றால் நாம் ஏலத்தில் கேட்ட தொகையும் பிழையாகிப் போகிறது. நம்மோடு போட்டியிட்டவர்கள் விலகிவிட்டார்கள். ஏலம் முடிந்த கணத்தில் ஒப்பந்தமும் ஆகிவிட்டது. திரும்பி நடக்கும் வழி குறைந்துபோன இடத்தில் நிறுத்திவைத்துக் காசு கேட்கிறார்கள்.

அந்த விற்பனையாளரின் பக்கத்தில் பர்த்தீத்தா ஈவா எண் இருந்தது. அதாவது அவர் பதிவுபெற்ற வணிகர். அதைக் கண்டதும் அக்காவுக்காக ஒரு பதில் எழுதினேன். சட்டத்தின் எண்ணையும் பிரிவையும் குறிப்பிட்டேன். அவர் கூரியர் நிறுவனத்தின் விலைப்பட்டியலைப் படம் பிடித்து அனுப்பினார். பிறகு விற்பனையை ரத்து செய்து காசைத் திருப்பிவிட்டார். நியாயம் அக்காவின் பக்கம், கிரைண்டர் விற்பனையாளரின் பக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது

நுகர்வோர் உரிமைகள் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011/83 என்ற நெறிமுறை 2014 ஜூன் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. இத்தாலி அதை 2014-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்க ஆணை வழியாகத் தன் நுகர்வோர் சட்டத்தொகுப்பில் சேர்த்தது. அந்தத் தொகுப்புக்கு இங்கே கோதிச்சே தெல் கொன்ஸூமோ என்று பெயர். 2005-ல் வந்த தொகுப்பு அது. அதன் 49-ஆம் பிரிவைத்தான் நாம் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இணையத்தில் விற்கும் வணிகர், ஒப்பந்தம் ஆவதற்கு முன்பே வரியுடன் கூடிய மொத்த விலையைச் சொல்ல வேண்டும். அனுப்பும் செலவு, தபால் செலவு, வேறு எந்தக் கூடுதல் செலவு இருந்தாலும் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே பிரிவின் 6-ஆம் பத்தி இன்னும் ஒரு படி மேலே போகிறது. முன்கூட்டிச் சொல்லாத கூடுதல் செலவை நுகர்வோர் கட்ட வேண்டியதில்லை. பிந்திச் சொன்ன காசு, கட்டத் தேவையில்லாத காசு. அக்காவிடம் கேட்ட 16 யூரோ அப்படிப்பட்டதுதான்.

ஏலம் என்பதால் இந்த உரிமை கிடையாது, ஏலத்தில் எடுத்த பொருளைத் திருப்ப முடியாது என்று சில விற்பனையாளர்கள் எழுதுவார்கள். பொது ஏலத்துக்கு ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் ஆட்கள் நேரில் வந்து கலந்துகொள்ளும் வாய்ப்பு உள்ள ஏலமே அந்த விலக்குக்குள் வரும். இணைய ஏலத் தளங்கள் அதில் அடங்கா என்று நெறிமுறையின் முகவுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே வணிகர் ஒருவரிடம் இணைய ஏலத்தில் எடுத்த பொருளை, சில விதிவிலக்குகள் தவிர, 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அப்போது பொருளின் விலையோடு, அதை உங்களுக்கு அனுப்பிய சாதாரணத் தபால் செலவையும் அவர் திருப்பித் தர வேண்டும்.

இந்தக் கடைசி உரிமை ஒரு வழக்கில் உறுதியானது. ஜெர்மனியில் ஹைன்ரிஷ் ஹைனே என்ற தபால்வழி விற்பனை நிறுவனம் 4.95 யூரோ அனுப்புகட்டணம் வாங்கி, பொருளைத் திருப்பினாலும் அதைத் தராது என்று விதி வைத்திருந்தது. ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. அந்த 4.95 யூரோவுக்காக விஷயம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2010 ஏப்ரல் 15 அன்று அப்படி ஒரு விதி செல்லாது என்று தீர்ப்பானது. ஐந்து யூரோ அற்பம் என்று யாராவது சொன்னால் இந்த வழக்கைச் சொல்லுங்கள்.

ஆனால் விற்பவர் வணிகர் அல்லாத தனியாள் என்றால் நிலைமை வேறு. வீட்டில் கிடந்த சாமானை விற்கும் ஒருவர்மீது நுகர்வோர் சட்டம் பாயாது. அங்கே 1942-ஆம் ஆண்டின் குடியியல் சட்டத்தொகுப்புதான் பேசும். வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் பொருளை அனுப்பும் செலவு வாங்குபவருடையது என்கிறது அதன் 1510-ஆம் பிரிவு. முக்கியமானது அந்த "வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால்" என்ற பகுதி. ஏலப் பக்கத்தில் 9.90 என்று போட்டிருந்தால், பேசிக்கொண்டது அதுதான். இருவர் ஒத்துக்கொண்ட தொகையை ஒருவர் மட்டும் பிறகு மாற்ற முடியாது. பக்கத்தில் எதுவுமே போடாமல் இருந்தால் வாங்குபவர்தான் மாட்டிக்கொள்வார். தனியாளிடம் வாங்கும்போது முன்கூட்டிக் கேட்பது அதனால்தான் இன்னும் அவசியம்.

ஏன் மறைக்கிறார்கள்

ஈபே 1995-ல் அமெரிக்காவில் தொடங்கியது. ஆரம்பத்தில் தளத்தின் தரகு, பொருளின் விலைமீது மட்டுமே கணக்கிடப்பட்டது. தபால் காசுக்குத் தரகு இல்லை. ஆகவே பொருளை ஒரு சென்ட்டுக்குப் போட்டுவிட்டுத் தபாலுக்கு இருபது டாலர் கேட்கும் பழக்கம் பரவியது. விலைவரிசையில் முதலில் தெரியலாம், தரகும் மிச்சம், பொருளைத் திருப்பினால் ஒரு சென்ட்டை மட்டும் கொடுத்தால் போதும் என்பது கணக்கு. அமெரிக்காவில் 2011-ல் தபால் தொகையையும் சேர்த்துத் தரகு வாங்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கணக்கு உடைந்தது.

ஆனால் தரகு மட்டுமே காரணமில்லை. தன்ஜிம் ஹொசைன், ஜான் மோர்கன் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் ஈபேயிலேயே இசைத்தட்டுகளையும் விளையாட்டுத் தட்டுகளையும் ஏலம் விட்டுப் பார்த்தார்கள். முடிவுகள் 2006-ல் வெளிவந்தன. ஒரே தட்டை ஒரு முறை தொடக்க விலை 4 டாலர், தபால் இலவசம் என்று போட்டார்கள். இன்னொரு முறை தொடக்க விலை 1 சென்ட், தபால் 3.99 டாலர் என்று போட்டார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. கணக்குப் பார்த்து வாங்குபவர்கள் இரண்டுக்கும் ஒரே அளவுதான் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு சென்ட் ஏலத்துக்கு அதிகம் பேர் வந்தார்கள், சீக்கிரம் வந்தார்கள், விற்பவருக்குக் கிடைத்த மொத்தத் தொகையும் கூடியது. இத்தனைக்கும் அங்கே தபால் காசு மறைக்கப்படவில்லை. பக்கத்தில் எழுதியே இருந்தது. தொடக்கத் தொகை சிறியதாகத் தெரிந்ததே ஆட்களை உள்ளே இழுக்கப் போதுமானதாக இருந்தது.

2010-ல் ஜெனிஃபர் பிரவுனும் சேர்ந்து அடுத்த ஆய்வு வந்தது. அயர்லாந்திலும் தைவானிலும் ஐபாட்களை ஏலம் விட்டார்கள். தபால் காசு எளிதில் கண்ணில் படாதபடி இருக்கும்போது அதை உயர்த்தினால் விற்பவரின் வருமானமும் உயர்ந்தது. மறைப்பதால் லாபம் இருக்கிறது என்பது இப்படி ஆய்விலேயே தெரிந்தது.

ஆகவே ஏமாந்தவர் கவனமில்லாதவர் என்று பேசுவதை நாம் நிறுத்த வேண்டும். "நீங்கள் வாசிக்கவில்லையா?" என்று அக்காவிடம் கேட்டவர்கள் நம்மவர்களிலேயே இருந்தார்கள். அவர் வாசித்தார். 9.90 என்றுதான் எழுதியிருந்தது. எழுதாததை எப்படி வாசிப்பது? எழுதியிருந்தாலும்கூட, மனித மனம் முதலில் கண்ட தொகையைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தெரிந்துகொண்டே அமைக்கப்பட்ட பக்கத்தின் பொறுப்பு, அமைத்தவருடையது.

இதற்கு இப்போது அரசுகள் கட்டுப்பாடு போடத் தொடங்கிவிட்டன. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வணிகத்தின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டன. விலையைத் துளித்துளியாகக் கூட்டிக்கொண்டே போவது அவற்றில் ஒன்று. பிரித்தானியாவில் 2025 ஏப்ரல் 6 முதல், தவிர்க்க முடியாத கட்டணங்களை முதலில் காட்டும் விலையிலேயே சேர்க்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இத்தாலியில் போட்டி, சந்தை ஒழுங்குக்கான ஆணையம் 2022-ல் வின்ட்டெட் என்ற பழைய உடை விற்பனைத் தளத்துக்கு 15 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. வாங்குபவர் கட்டியே ஆக வேண்டிய பாதுகாப்புக் கட்டணத்தையும் தபால் செலவையும் ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லாமல், செலவே இல்லாதது போல விளம்பரம் செய்ததுதான் குற்றச்சாட்டு. ஒவ்வொருவர் கையிலிருந்தும் போனது சில்லறைதான். அது லட்சக்கணக்கான பேரின் சில்லறை.

தபால் சண்டை பழையது

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை பிரித்தானியாவில் கடிதத்துக்குப் பொதுவாகப் பெறுபவரே காசு கட்டினார். தூரத்தைப் பொறுத்தும் தாளின் எண்ணிக்கையைப் பொறுத்தும் தொகை மாறும். கடிதம் வாசலுக்கு வந்த பிறகுதான் எவ்வளவு என்று தெரியும். கட்ட முடியாத ஏழைகள் கடிதத்தைத் தொடாமலே திருப்பி அனுப்பினார்கள். ரோலண்ட் ஹில் என்பவர் இதை மாற்றினார். 1840-ல் நாடு முழுவதும் ஒரே கட்டணம், அதையும் அனுப்புபவரே முன்கூட்டிக் கட்டுவது என்ற முறை வந்தது. அதற்காகவே தபால்தலை பிறந்தது. காசு கட்டியாகிவிட்டது, பெறுபவரிடம் இனி யாரும் கேட்கக்கூடாது என்பதற்கு அந்தச் சின்னத் தாள் சாட்சி.

சிசிலிக்கு அது 1859 ஜனவரி 1 அன்று வந்தது. இரண்டாம் ஃபெர்தினாந்தோ மன்னரின் தலை பொறித்த ஏழு தபால்தலைகள், அரை கிரானோ முதல் 50 கிரானா வரை. மன்னரின் முகத்தில் மை படக்கூடாது என்று முத்திரையைக்கூட முகத்தைச் சுற்றி விழும்படி செய்தார்கள். அதே தபால்தலைகள் இன்று சேகரிப்பாளர்களின் ஏலங்களில் பெரும் விலைக்குப் போகின்றன. நேரடி ஏல நிறுவனங்களில் வாங்குபவரிடம் தரகு வாங்குவார்கள்தான். ஆனால் அது எத்தனை விழுக்காடு என்பதை ஏலப் பட்டியலிலேயே அச்சடித்திருப்பார்கள். தெரிந்துகொண்டுதான் கையை உயர்த்துகிறார்கள்.

நம்முடைய பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டியவர்களுக்கு நினைவிருக்கும். புத்தக விளம்பரத்தின் அடியில் விலையைப் போட்டு, பக்கத்திலேயே 'தபால் செலவு தனி' என்று எழுதுவார்கள். வி.பி.பி. என்று நாம் சொன்ன முறை இந்தியத் தபாலில் 1877-லேயே வந்தது. தபால்காரர் கொண்டுவந்த பிறகுதான் காசு. அப்போதும் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது உறையின்மேல் எழுதியிருக்கும். காகிதத்தில் கடைப்பிடித்த ஒழுங்கை, ஒரு நொடியில் எந்தக் கணக்கையும் போட்டுத் தரும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு கைவிட்டிருக்கிறோம். முகவரியைக் கேட்டு உடனே மொத்தத்தைக் காட்டுவது இன்று யாருக்கும் கடினமில்லை.

தீவு என்ற காரணம்

சிசிலிக்கும் இத்தாலிய நிலப்பரப்புக்கும் இடையே உள்ள மெஸ்ஸீனா நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் சுமார் மூன்று கிலோமீட்டர்தான். லாரிகள் கப்பலேறி வருகின்றன. செலவு கொஞ்சம் கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பல கூரியர் பட்டியல்களில் சிசிலி, சர்தீனியாவோடு கலாப்ரியாவும் மேற்கட்டணப் பகுதியில் இருக்கிறது. கலாப்ரியா தீவே இல்லை. ஆக, கடல் ஒரு காரணம், தெற்கு என்பது இன்னொரு காரணம் என்று நினைக்க இடமிருக்கிறது.

வேறு வழியில்லை என்று விற்பனையாளர் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். 1999-ஆம் ஆண்டின் 261-ஆம் இலக்க ஆணைப்படி இத்தாலியத் தபால் நிறுவனத்துக்குப் பொதுச் சேவைக் கடமை உண்டு. அந்தச் சேவையில் 20 கிலோ வரையிலான சாதாரணப் பொதியும் அடங்கும். அதற்கு நாடு முழுவதும் ஒரே கட்டணம். மிலானோவிலிருந்து தூரினோவுக்கு எவ்வளவோ, பலெர்மோவுக்கும் அவ்வளவுதான். வியா ரோமாவில் பெரிய தூண்களோடு நிற்கும் தபால் மாளிகையை நம்மவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆஞ்ஜியோலோ மத்ஸோனி வடிவமைத்தது, 1934-ல் திறக்கப்பட்டது. ஒரு நாட்டில் தபால் என்பது எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேர வேண்டிய சேவை என்ற எண்ணத்துக்கு அந்தக் கட்டடமே ஒரு சாட்சி.

2022 நவம்பரில் இத்தாலிய அரசியலமைப்பே திருத்தப்பட்டது. தீவுகளின் தனித்தன்மையைக் குடியரசு ஏற்கிறது, தீவாக இருப்பதால் வரும் பாதகங்களை நீக்கத் தேவையான நடவடிக்கைகளை ஊக்குவிக்கிறது என்று 119-ஆம் பிரிவில் சேர்த்தார்கள். அந்த வாசகம் நேரடியாக ஒரு கூரியர்காரரின் பட்டியலை மாற்றாது. ஆனால் தீவில் இருப்பது நம்முடைய குற்றமில்லை, அதை ஈடுசெய்யும் கடமை நாட்டுக்கு உண்டு என்பது இப்போது மேலான சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பல்லாரோ சந்தையில் மீன்காரர் கிலோ விலை சொல்லி, நிறுத்து, பையில் போட்டுக் கட்டிய பிறகு "நீ ஸீஸாவிலிருந்து வந்தவன், உனக்கு இன்னும் நாலு யூரோ" என்று சொன்னால் சந்தையே திரும்பிப் பார்க்கும். இணையத்தில் பார்க்க ஆளில்லை. அதனால்தான் நாமே பேச வேண்டியிருக்கிறது.

கருத்து எழுதப் பயப்பட வேண்டாம்

கிரைண்டர் விற்பனை ரத்தான பிறகு, நடந்ததை அந்த விற்பனையாளரின் பக்கத்தில் எழுதுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் தயங்கினார். "எழுதினா கேஸ் போடுவினமோ? எனக்குப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நேரம்." வதிவிட அனுமதிக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற இந்தப் பயம் நம்மிடையே மிகப் பரவலானது. அதை மதிக்கிறேன். அதனாலேயே ஜெர்மனியில் நடந்த ஒரு வழக்கை அவருக்குச் சொன்னேன்.

ஒருவர் ஈபேயில் நான்கு உலோகப் பிடிப்பட்டைகளை 19.26 யூரோவுக்கு வாங்கினார். அதில் 4.90 தபால் செலவு. பொருள் நல்லது, தபால் செலவு கொள்ளை என்று பொருள்படும் ஒரு சிறு கருத்தை எழுதினார். விற்ற நிறுவனம் அதை நீக்கச் சொல்லி வழக்குப் போட்டது. ஒரு நீதிமன்றம் வாங்கியவருக்குச் சாதகமாகவும், மேல்முறையீட்டில் அடுத்த நீதிமன்றம் விற்றவருக்குச் சாதகமாகவும் சொன்னது. கடைசியில் 2022 செப்டம்பர் 28 அன்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமான கூட்டாட்சி நீதிமன்றம், அது அனுமதிக்கப்பட்ட கருத்துதான், நீக்க வேண்டியதில்லை என்று முடித்துவைத்தது. அங்கே தபால் காசு மறைக்கப்படவில்லை. முன்பே சொன்ன தொகையைக்கூட அதிகம் என்று சொல்ல வாங்குபவருக்கு உரிமை உண்டு என்றது தீர்ப்பு.

ஜெர்மன் தீர்ப்பு பலெர்மோ நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி, தொகையோடும் தேதியோடும், வசை இல்லாமல் எழுதுபவர் அஞ்ச வேண்டியதில்லை. ஈபேயில் 2008 முதல் விற்பவர்கள் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பெண் போடவும் முடியாது. பழிவாங்கலுக்குப் பயந்து வாய்மூடியிருந்த காலம் போய்விட்டது. அக்கா எழுதினார். இரண்டே வரி. தபால் 9.90 என்று போட்டுவிட்டு சிசிலிக்கு 16 கூடுதலாகக் கேட்டார், மறுத்ததும் ரத்து செய்தார். இனி அந்தப் பக்கத்துக்குப் போகும் தெற்கத்தியர் யாராக இருந்தாலும் அதைப் பார்ப்பார்கள்.

கையில் வைத்துக்கொள்ள

ஏலம் கேட்கும் முன் தளத்தில் உங்கள் தபால் குறியீட்டைப் போடுங்கள். பலெர்மோ நகரக் குறியீடுகள் 901 என்று தொடங்கும். குறியீடு போடாமல் தெரியும் தொகை பெரும்பாலும் நிலப்பரப்புக்கானது. தேடல் வரிசையை வெறும் விலைப்படி வைக்காமல், விலையும் தபாலும் சேர்ந்த வரிசையில் வையுங்கள்.

சந்தேகம் இருந்தால் விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: "குவால் ஏ இல் கோஸ்தோ தொத்தாலே பெர் பலெர்மோ, ஸ்பெதித்ஸியோனே இன்க்ளூஸா?" பலெர்மோவுக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்கும் இந்த ஒரு வரி போதும். தளத்தின் செய்திப்பெட்டியிலேயே கேளுங்கள். வாட்ஸாப்புக்கு வரச் சொன்னால் போகாதீர்கள். பதில் எழுத்தில், தளத்திலேயே இருக்க வேண்டும். ஏலப் பக்கத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தபிறகு பக்கம் மாறலாம்.

பிந்திக் காசு கேட்டால், விற்பவர் வணிகரா என்று முதலில் பாருங்கள். பர்த்தீத்தா ஈவா எண் இருந்தால் 49-ஆம் பிரிவின் 6-ஆம் பத்தியைக் குறிப்பிட்டு, ஒத்துக்கொண்ட தொகைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் தளத்தில் முறையிடுங்கள். பிறகு போட்டி ஆணையத்துக்கு இணையவழி முறைப்பாடு அனுப்புங்கள். காசு வேண்டாம், வக்கீல் வேண்டாம். உங்கள் ஒரு வழக்கை அவர்கள் தீர்த்துத் தரமாட்டார்கள். ஆனால் ஒரே விற்பனையாளர்மீது பல முறைப்பாடுகள் சேரும்போதுதான் விசாரணை தொடங்கும். 2023-லிருந்து இத்தகைய குற்றத்துக்கு அவர்கள் ஒரு கோடி யூரோ வரை அபராதம் விதிக்கலாம்.

தொகை பெரியதென்றால், சிறு வழக்குகளைக் கேட்கும் நீதிபதியான ஜூதிச்சே தி பாச்சேயிடம் போகலாம். 1,100 யூரோவுக்கு மேற்படாத வழக்கை வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தலாம். எழுத உதவி வேண்டுமென்றால், பெர்மெஸ்ஸோ வேலைக்கு நாம் போகும் தொழிற்சங்கங்களோடு தொடர்புள்ள நுகர்வோர் அமைப்புகள் இருக்கின்றன. சிஸ்ல் பக்கம் அதிகோன்ஸும், சிஜில் பக்கம் ஃபெதெர்கொன்ஸுமாத்தோரி. வேறொரு ஐரோப்பிய நாட்டு வணிகரிடம் வாங்கியதென்றால் ஐரோப்பிய நுகர்வோர் மையத்திடம் இலவசமாகக் கேட்கலாம். முன்பு இருந்த, தகராறுகளைத் தீர்க்க உதவும் ஐரோப்பிய இணையத்தளம் 2025 ஜூலை 20 அன்று மூடப்பட்டுவிட்டது. அந்த இணைப்பை இன்னும் காட்டும் பக்கங்களை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

லண்டனிலிருந்து வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று. 2021 ஜனவரியிலிருந்து பிரித்தானியா நமக்கு வெளிநாடு. சுங்கமும் வரியும் கையாளும் கட்டணமும் வாசலில் வந்து நிற்கலாம். 150 யூரோ வரையிலான பொருளுக்குத் தளமே வரியை முன்கூட்டி வாங்கியிருந்தால், வாசலில் திரும்பவும் வரி கட்ட வேண்டியதில்லை. ரசீதைக் காட்டி மறுக்கலாம்.

நாம் விற்கும்போது

இதுவரை வாங்குபவராக இருந்து பேசினேன். ஆனால் இன்று ஐரோப்பாவெங்கும் நம்மவர்கள் விற்கவும் செய்கிறார்கள். முகநூல் நேரலையில் சேலை, நகை, பூசைச் சாமான், பலகாரம். "விலைக்கு இன்பாக்ஸ்" என்று எழுதுகிறோம். சேலையைப் பிடித்துப்போய், பெயர் கொடுத்து, எல்லோர் முன்னிலும் "எனக்கு" என்று சொன்ன பிறகு, தபாலுக்குத் தனி என்று செய்தி அனுப்புகிறோம். வாங்கும் பெண் மறுக்க வெட்கப்படுவார். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் இருவர் உறவினர். அக்காவிடம் அந்த வணிகர் செய்ததும் இதுவும் ஒன்றே. தமிழில் கேட்டோம் என்பதால் நியாயமாகிவிடாது.

நான் வணிகர் இல்லை, சும்மா வீட்டிலிருந்து விற்கிறேன் என்று சொல்வதும் எல்லா இடத்திலும் செல்லாது. பல்கேரியாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2018 அக்டோபர் 4 அன்று இதை விளக்கியது. எட்டு விளம்பரம் போட்டதாலேயே ஒருவர் வணிகர் ஆகிவிடமாட்டார். ஆனால் ஒழுங்காகத் தொடர்ந்து விற்கிறாரா, லாபத்துக்காக வாங்கி விற்கிறாரா, ஒரே வகைப் பொருளா என்றெல்லாம் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். வாரந்தோறும் நேரலை வைத்துப் புதுச் சேலை விற்பவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பலெர்மோவில் மணிக்கணக்குச் சம்பளத்தில் வீடு துடைத்தும் முதியவரைத் தூக்கி நிறுத்தியும் சம்பாதித்த காசுதான் அந்தப் பக்கம் இருந்து வருகிறது. அவர்கள் ஒவ்வொரு யூரோவையும் எண்ணித்தான் "எனக்கு" என்கிறார்கள். எண்ணிய பிறகு தொகையை மாற்றுவது அவர்களுடைய கணக்கை அவமதிப்பது. உங்கள் அடுத்த நேரலையில் முதல் சேலையை விரித்துக் காட்டும்போதே சொல்லுங்கள்: சேலை இவ்வளவு, பலெர்மோவுக்கு, மிலானோவுக்கு, பாரிஸுக்கு, லண்டனுக்குத் தபாலோடு மொத்தம் இவ்வளவு. அப்படிச் சொல்பவரிடம் நான் வாங்குவேன், மற்றவர்களையும் வாங்கச் சொல்வேன்.